கேள்வி கேட்காத நாக்கு

நான் எழுதிய நிரல்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆயிரத்து நூற்று நாற்பது வரி நீளம் இருந்தது. அதை நானே அழித்தேன். அழிக்க வைத்தவர் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த சேனாதிபதி அண்ணன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் ஆரம்பித்தால், "அட சும்மா இருங்க தங்கச்சி, டீ குடிக்கிறீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். எழுதினால் அவரால் மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவரைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். பதினாலு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, இலங்கையிலிருந்து திரும்பியவர்களை முதலில் தங்க வைத்த மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, அங்கிருந்து கொடைக்கானல் மலைக்கு வந்தார். பெற்றோர் இருவரும் மரம் நடுகிற கூலி வேலைக்குப் போனார்கள். இவருக்குப் பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்காது. பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

தொண்ணூற்றொன்றில் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அந்த பூத் கிடைத்தது. அதற்குப் பிறகு நாயுடுபுரத்தில் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டியவர்கள் குறைவு. "அண்ணே, பெரியகுளத்துல அந்தப் பல் டாக்டர்..." என்று வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் டயல் செய்து ரிசீவரை நீட்டிவிடுவார். ஒரு தடவை காதில் விழுந்த நம்பர் போகாது. இவ்வளவையும் எப்படித் தலையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "தலையில இல்லீங்க, விரல்ல கெடக்கு" என்பார். அதில் அவருக்கு நல்ல கர்வம். மறைக்கவும் மாட்டார். மனைவி வீரம்மாள் வீட்டுச் சாவியைத் தேடுகிற நாளெல்லாம் அவருக்குத் திருநாள்.

இன்னொரு வேலையும் செய்தார். யாரும் அவரை அமர்த்தாத வேலை. வெள்ளனே எழுந்து ஒட்டன்சத்திரத்துக்கும் வடுகபட்டிக்கும் போன் போட்டு, கேரட், உருளை, பூண்டு அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று கமிஷன் கடைகளில் கேட்டு வைத்துக்கொள்வார். கவுஞ்சியிலிருந்தும் பக்கத்து மேல்மலை ஊர்களிலிருந்தும் விவசாயிகள் கூப்பிடுவார்கள். இன்றைக்கு லாரியில் ஏற்றலாமா, ஒரு நாள் பொறுக்கலாமா என்பதை அவர் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பிறகு மலைக்கும் செல்போன் வந்து சேர்ந்தது. 2007 பிறந்தபோது பூத்துக்கு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள் மட்டும்தான். அதே சமயம் மேல்மலை விவசாயிகள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். கவுஞ்சியில் பூண்டு போடுகிற ஹரிகிருஷ்ணன் அதற்குச் செயலாளர். பூத்துக்கு இரண்டு கடை தள்ளி ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். ஏழெட்டு சந்தைகளின் விலை தினமும் காலையில் மின்னஞ்சலில் வரும். அதைப் படித்து, கூப்பிடுகிற விவசாயிக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், மாதச் சம்பளத்துக்கு. எல்லோர் மனதிலும் இருந்தது ஒரே ஆள்தான். ஆனால் வருவது திரையில் வருகிறதே.

ஹரிகிருஷ்ணன் சுற்றி வளைக்காமல் பேசுகிற மனிதர். பூத்துக்கு வந்து நேராகவே சொன்னார்.

"அண்ணே, இந்தச் சோலி உங்களுக்குத்தான் வரணும்னு எனக்கு ஆசை. ஆனா நீங்க உக்கார, பக்கத்துல ஒருத்தன் உக்காந்து படிச்சுச் சொன்னா, அப்ப அவனையே வச்சுக்கிருவோமேன்னு கூட்டத்துல கேப்பாய்ங்க. நீங்க ஒத்தையா அந்த மிஷினைப் பாத்துக்கிட்டீங்கன்னா, மறுபேச்சு கெடையாது."

பங்குனி மாதக் கூட்டத்தில் செய்து காட்டுவது என்று பேச்சு. இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

என் பெயர் ஷர்மிளா. பழனி அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குக் கடை. பஞ்சாமிர்தம், விபூதி, காவடிச் சாமான். எம்.சி.ஏ. படித்தபோது ப்ராஜெக்டுக்காகக் கம்ப்யூட்டரைத் தமிழ் படிக்க வைத்தேன். கடையின் பின்னாலிருந்த குடோனில் எதிரொலி வராமலிருக்கச் சாக்குகளைத் தொங்கவிட்டு, பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, என் குரலிலேயே ஒவ்வொரு ஒலியாகப் பதிந்தேன். அவற்றை ஒட்டவைத்துப் பேசுகிற நிரலகத்துக்கு "நாக்கு" என்று பெயர் வைத்தேன். நிரலகம் என்றால் தானாக எதையும் செய்யாது. மற்ற நிரல்கள் அதைக் கூப்பிட்டு "இதைப் படி" என்று கொடுத்தால் படிக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தேன். திரையில் வருவதை எடுத்து நாக்குக்குக் கொடுக்கிற ஒரு சின்ன நிரலையும் சேர்த்து, சிடியாகவும் போட்டேன். ப்ராஜெக்ட் அறிக்கையில் "பார்வையற்றோருக்குப் பெரிதும் பயன்படும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மார்க்குக்காக எழுதிய வரி அது. அதுவரை பார்வையில்லாத ஒருவரிடம் நான் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

நாக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு நிறுவி வேண்டுமே. அதுதான் நான் சொன்ன ஆயிரத்து நூற்று நாற்பது வரி. மற்றவர்களுடைய நிறுவிகள் எல்லாம் ஆங்கிலத்தில் அதட்டிக் கேட்கும். என்னுடையது தமிழில், "வணக்கமுங்க" என்று ஆரம்பித்து, ஆறு கேள்வி கேட்கும். எந்த சவுண்டு கார்டு, எங்கே வைக்கட்டும், குரல் கனமாகவா மெல்லிசாகவா, எவ்வளவு வேகம், பழைய நாக்கு இருந்தால் அழிக்கவா வைக்கவா, மெஷினைப் போட்டதும் பேசட்டுமா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். 2003இல் இதெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு தினுசு. நாலு வருடத்தில் எல்லாம் மாறிவிட்டது. எந்த கார்டு என்று மெஷினே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆனாலும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் அந்த "வணக்கமுங்க"வைப் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். பாராட்டுகிற வாயை யார் மூடச் சொல்வார்கள்?

சேனாதிபதி அண்ணன் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டது தைப்பூசத்துக்கு முந்தின நாள். சிடி உறையில் எங்கள் கடை நம்பரைப் போட்டிருந்தேன், போட்ட நேரத்தை நொந்துகொண்டும் இருந்தேன். கடைவாசலில் காவடிக்கூட்டம். ஒரு கையில் விபூதிப் பொட்டலம், இன்னொரு கையில் ரிசீவர்.

"தமிழ் கதைக்கிற சிடி ஒன்னு உங்களோடதுன்னு சொன்னாங்க. பக்கத்துல அருண்பாண்டியன்னு ஒரு தம்பி பிரவுசிங் சென்டர் வச்சிருக்காரு, அவரு எடுத்து வச்சிருக்காருங்க. அதை எப்படிப் போடுறதுன்னு..."

"உள்ளயே விளக்கம் இருக்குங்க. அதைப் படிச்சீங்களா? படிச்சுட்டுப் பேசுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"படிக்கத்தாங்க இது வேணும்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர்தான், என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்கிற குரலில், "கண்ணு தெரியாதுங்க எனக்கு" என்றார். கூட்டத்துக்கு நடுவில் நான் அப்படியே நின்றேன். அப்பா என் கையிலிருந்த விபூதியைப் பிடுங்கிக்கொண்டு போய் வியாபாரத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசினோம். அவர் தங்கச்சி என்றார், நான் அண்ணே என்றேன். அருண்பாண்டியன் சங்கத்துக் கம்ப்யூட்டரில் நாக்கின் 0.4 பதிப்பை ஏற்றிக் கொடுத்தார். அப்போது திரையில் வந்த ஆறு கேள்வியையும் படித்து, தட்டிய பதிலையும் சொன்னார். அது போதும் அண்ணனுக்கு. இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. கொடைக்கானல் நம்பருக்கும் ஆறு இலக்கம்தான். அவர் அதை அப்படியே ஒரு டெலிபோன் நம்பராக விரலில் ஏற்றிக்கொண்டார். 212221. சிடி சுற்றுகிற சத்தம் நின்றால் முதல் கேள்வி வந்துவிட்டது என்று அர்த்தம், நம்பரைப் போட வேண்டியதுதான். மலையில் மின்சாரம் வந்து வந்து போகும், மெஷின் அடிக்கடி படுத்துவிடும். மூன்று தடவை அவரே தனியாக ஏற்றிவிட்டு எனக்கு போன் போட்டுச் சொன்னார்.

"உங்களோட நாக்குக்கு நம்ம ஊர்ல கனெக்‌ஷன் குடுத்தாச்சு தங்கச்சி. நம்பர் 212221."

நான் பெருமையில் மிதந்தேன். மிதந்தவள் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "எந்த ஊர்ங்க?" என்று கேட்போம். நடந்து வந்தவர் முகம் அந்த ஒரு கேள்வியில் மலர்ந்துவிடும். அப்பா தைப்பூசத்தின்போது ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நம் நிறுவி மட்டும் எடுத்த எடுப்பில் சவுண்டு கார்டைக் கேட்கிறதே, இதென்ன மரியாதை என்று தோன்றியது. 0.5 பதிப்பில் "வணக்கமுங்க"வுக்கு அடுத்து, முதல் கேள்வியாக "எந்த ஊர்ங்க?" என்று சேர்த்தேன். பதிலை வைத்து நாக்கு ஒன்றும் செய்யாது. சும்மா ஒரு பிரியத்துக்குக் கேட்டது. குரலையும் தெளிவாக்கியிருந்தேன். பங்குனிக் கூட்டத்துக்குள் கிடைக்கட்டும் என்று சிடியைத் தபாலில் அனுப்பி, "புதிய பதிப்பு, குரல் இன்னும் தெளிவாக இருக்கும்" என்று ஒரு சீட்டும் வைத்தேன். கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்ததைப் பின்னால் பலர் சொல்லிக் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்கள் கவுஞ்சியிலிருந்து வந்திருந்தார்கள். அருண்பாண்டியன் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தார். ஓடிக்கொண்டிருந்த 0.4ஐ வைத்தே அண்ணன் செய்து காட்டியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் புது சிடி வந்திருந்தது. "ஏத்துறதையும் நானே ஏத்திக் காட்டுறேங்க" என்று சிடியைப் போட்டார். புதியதை வைப்பதற்கு நிறுவி முதலில் பழைய குரலை நிறுத்திவிடும். நிறுத்தியது. சிடி சுற்றி நின்றது. அவர் நம்பரைப் போட்டார்.

சத்தமே வரவில்லை.

அரை நிமிடம் போல எல்லோரும் காத்திருந்தார்கள். ஹரிகிருஷ்ணன் திரையை எட்டிப் பார்த்து, "அண்ணே, 'மிஷினைப் போட்டதும் பேசட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்குது" என்று படித்துச் சொன்னார். அண்ணன் ஒன்றைத் தட்டினார். நிறுவி வேலையை முடித்து நன்றியும் சொல்லி, திரையில் மட்டும் சொல்லி, மூடிக்கொண்டது. பிறகும் பேச்சு இல்லை. பழைய குரலும் திரும்ப வரவில்லை. எப்படியிருந்தாலும் பக்கத்தில் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எதைக் கூடாது என்று சொன்னார்களோ அதுவே எல்லோர் கண் முன்னாலும் நடந்துவிட்டது. ஹரிகிருஷ்ணன் மனசு கேட்காமல், சித்திரைக் கூட்டத்தில் இன்னொரு தடவை பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்.

எனக்கு விஷயம் ஒரு வாரம் கழித்து, அருண்பாண்டியன் போனில்தான் தெரிந்தது.

"அக்கா, அவரு வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சங்கத்துல சொல்லிட்டாரு. நம்பர் மறந்துபோச்சாம். அது கூடப் பரவாயில்ல. பூத்துக்கு வர்றவங்ககிட்ட இப்ப நம்பரே சொல்ல மாட்டேங்குறாரு. 'எழுதி வச்சிருந்தா பாத்து நீங்களே போட்டுக்கங்க'ன்னு ரிசீவரை நகட்டி வச்சுர்றாரு. வீரம்மாக்கா அழுகுது."

என் புத்தியைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் எனக்கு வந்தது கோபம். என் நிறுவியில் தவறு இருக்க வாய்ப்பே இல்லை, ஏதோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நிரூபிக்கத்தான் மறுநாள் காலை கொடைக்கானல் பஸ் ஏறினேன். பெருமாள்மலை வரும்வரை வாந்தியை அடக்கிக்கொண்டு அந்த நியாயத்தையே உள்ளுக்குள் பேசிக்கொண்டு போனேன்.

நிறுவி, கேட்ட கேள்விகளையும் வாங்கிய பதில்களையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். சங்கத்து அறையில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். முதல் வரியே இப்படி இருந்தது:

ஊர்: 2

மற்றதைப் படிக்கத் தேவையே இல்லை. அவர் போட்ட நம்பர் சரி. முதல் இலக்கத்தை என் புதுக் கேள்வி விழுங்கிவிட்டது. மற்ற பதில் ஒவ்வொன்றும் ஒரு வீடு தள்ளிப் போய் விழுந்தது. சவுண்டு கார்டுக்கு ஒன்று என்று போய், ஸ்பீக்கர் இல்லாத கார்டைப் பார்த்து நாக்கு பேசிக்கொண்டிருந்தது. மெஷினைப் போட்டதும் பேசு என்பதற்காக அவர் நம்பரின் கடைசி இலக்கமாகத் தட்டிய ஒன்று, பழையதை அழிக்கவா என்ற கேள்விக்குச் "சரி" ஆகியிருந்தது.

அறையில் அப்போது நான் மட்டும்தான். அருண்பாண்டியன் டீ வாங்கப் போயிருந்தார், அண்ணன் பூத்தில் இருந்தார். கார்டை மாற்றிவிட்டு, "வயர் லூசா இருந்துச்சுண்ணே" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படிச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். பிறகு, இந்த மனிதர் தன் தலை கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது. எழுந்து பூத்துக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க மறக்கல. நான்தான் முன்னாடி ஒரு கேள்வியைச் சொருகிட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "அப்ப நம்பரு?"

"சரிதான்."

"212221?"

"212221. ஒன்னுகூடத் தப்பில்லண்ணே. தப்பு என்னோடது."

மேஜையில் கையை ஊன்றினார். பிறகு எழுந்து நின்று, எதிர்ப்பக்கம் கேரட் கழுவிக்கொண்டிருந்த மனைவியை, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

"ஏ வீரம்மா! எனக்கு ஒன்னும் மறக்கல! நம்பரு சரியாம்!"

வீரம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது என்ன கேள்வி தங்கச்சி?" என்றார் அண்ணன்.

சொன்னேன். "எந்த ஊர்ங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுதானா? மண்டபத்துலயும் அதுலதான் நின்னோம். எங்க அப்பாகிட்ட எந்த ஊருன்னாங்க. அப்பா தோட்டத்துப் பேரைச் சொன்னாரு. அது இல்லப்பா, இந்தியாவுல எந்த ஊருன்னாங்க. அவங்க தாத்தா காலத்துல போனது, யாருக்கு விளங்கும்? பதில் வர்ற வரைக்கும் ஓரமா நில்லுன்னாங்க. பெறகு, எங்களுக்கு முன்னால நின்ன ஆளு துறையூர்னாரு. அப்பாவும் துறையூர்னுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் நான் துறையூரைப் பாத்ததில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிரியமாகக் கேட்டதாக நினைத்த கேள்வி, அந்த மனிதரை இரண்டாவது தடவையாக ஓரமாக நிறுத்தியிருக்கிறது.

அந்த ஒரு கேள்வியை எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தால் பழைய ஆறு. நாளைக்கு நான் இன்னொன்றைச் சேர்த்தால்? சேர்க்க மாட்டேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அப்படியென்றால் கேள்விகளையும் என் குரலில் பதிந்து, நிறுவியையே பேச வைக்கிறேன் என்றேன். அது இன்னும் முந்நூறு வரி வரும், எழுத எனக்கு ஆசையாகவும் இருந்தது. அண்ணன் பூத் ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். ர்ர்ர் என்று டயல் டோன் கேட்டது.

"எடுத்த உடனே இது வருதுல்ல? நீ யாரு, எந்தக் குரல்ல வேணும், எவ்வளவு வேகத்துல வேணும்னு எதாச்சும் கேட்டுச்சா? மொதல்ல இது வரட்டும் தங்கச்சி. கேக்குறதெல்லாம் பெறகு கேட்டுக்கலாம்."

ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன்.

அன்று மத்தியானம் அருண்பாண்டியனின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிறுவியை எடுக்க ஆரம்பித்தேன். சன்னலுக்கு வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மேகம். எந்தெந்த சவுண்டு கார்டு இருக்கிறதோ எல்லாவற்றிலும் பேசு. பழையது இருந்தால் தொடாதே. மெஷினைப் போட்டதும் பேசு. வேகத்தையும் குரலையும் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விசையில் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு நாற்பது வரி போதுமாயிருந்தது. கேள்வி ஒவ்வொன்றாகப் போனது. "வணக்கமுங்க"வை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கை நின்றது. நாலு வருடம் சோறு ஊட்டி வளர்த்த மாதிரி இருந்தது எனக்கு. அதையும் அழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜலதோஷம் என்றேன். அருண்பாண்டியன் நம்புவது போலத் தலையாட்டினார்.

நாக்கைப் பயன்படுத்துகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் பெரிய சண்டை நடந்தது. நிறுவிதான் நாக்கின் அழகே என்றார் ஒருவர். அந்த வணக்கத்துக்காகவே நாக்கை வைத்திருப்பதாக இன்னொருவர். எல்லோருக்கும் சேர்த்து நான் ஒரே பதில்தான் போட்டேன். "வணக்கம் சொல்லிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் எடுத்துவிட்டேன்."

சித்திரைக் கூட்டத்துக்கு நானும் போனேன். எதையும் தொடக் கூடாது என்று ஹரிகிருஷ்ணன் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அவரே மெஷினிலிருந்த நாக்கை எடுத்துவிட்டு, சுத்தமாக்கி, 0.6 சிடியை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் சிடியைப் போட்டார். சுற்றியது. நின்றது. அவர் விரல்கள் பழக்கத்தில் எழுந்து, ஒன்றையும் தட்டாமல் மேஜையில் இறங்கின. நான் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு, பதினைந்து.

"நாக்கு தயார்" என்றது என் குரல்.

யாரும் படித்துச் சொல்லவில்லை. அண்ணன் மின்னஞ்சலைத் திறந்தார். ஒட்டன்சத்திரம் கேரட், வடுகபட்டி பூண்டு, திண்டுக்கல் உருளை என்று வரிசையாக வாசிக்க வாசிக்க, பின்னாலிருந்தவர்கள் விலையைக் கேட்டு "அட" என்றும் "போச்சுடா" என்றும் முனகத் தொடங்கினார்கள். மெஷினை மறந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு நாக்குக்கு இதுவரை கிடைத்ததில்லை. அந்நேரம் பார்த்து சங்கத்து போன் அடித்தது. கவுஞ்சியிலிருந்து பிச்சையம்மாள் என்று ஒரு அம்மா, கேரட் பிடுங்கி மூட்டை கட்டியாச்சு, ஏத்தவா வேணாமா என்று கேட்டார்.

"ஏத்துங்கம்மா, வெரசா ஏத்துங்க. இன்னிக்கு வெலை நிக்குது" என்றார் சேனாதிபதி அண்ணன். ரிசீவரை வைத்த பிறகு, ஹரிகிருஷ்ணன் எழுந்து வந்து சங்கத்து அறைச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

இப்போதும் அவர்தான் அங்கே. காலை ஐந்தரைக்கு அறையைத் திறக்கிறார். பதினொரு ஊருக்கு என் குரலைக் கேட்டு அவர் குரலில் விலை சொல்கிறார். பல் டாக்டர் நம்பரையும் சொல்கிறார். இதுவரை என்னைப் பற்றி ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. "தப்பை வந்து சொன்னீங்கல்ல, அது போதும்" என்றார் ஒரு தடவை. நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பூத்தில் அந்த டயல் டோனைக் கேட்ட ஒரு நிமிடத்தால்தான் என் வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. நாக்கோடு கூடவே போகிற நன்றிக் கோப்பில், உதவியவர்கள் பெயரும் ஊரும் இருக்கும். 0.6ஐ இணையத்தில் ஏற்றுகிற அன்று, அவருக்கு போன் போட்டேன். கேட்பதற்கு நா எழவில்லை. கேட்காமலும் எழுத முடியாது.

"அண்ணே, உங்க பேரை இதுல போடணும். பேருக்குப் பக்கத்துல ஊரும் வரணும். அதான்... எந்த ஊர்ங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"நாயுடுபுரம்னு போடுங்க தங்கச்சி. ரெண்டுன்னு போட்டுராதீங்க."